பன்னிரண்டு நொடி வெளிச்சம்

"சொந்தத் தங்கச்சி புருஷனோட கண்டுபிடிப்பையே திருடியிருக்கியே அண்ணா, வெட்கமா இல்ல?"

தங்கையின் குரலில் காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை அறை அதிர்ந்தது. அண்ணனான ஸ்டூடியோக்காரர் மடியிலிருந்த பழுப்புக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டோ பிரிண்ட் போடும் இயந்திரத்தில், படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டும் முறைக்குத் தங்கை கணவர் காப்புரிமை வாங்கியிருந்தார். அதே முறை ஸ்டூடியோக்காரரின் இயந்திரத்திலும் இருந்தது. (போட்டோ தாளில் வெளிச்சம் கூடினால் அந்த இடம் கறுக்கும். முரண் அல்ல, வேதியியல்.)

"தோத்தா மெஷினைக் கழட்டணும், ஸ்டூடியோவை மூடணும்" என்றார் அதிகாரி. "இவர் பதிவு பண்றதுக்கு முன்னாலயே நீங்க இதைச் செஞ்சதுக்கு ஆதாரம் இருக்கா?"

"இருக்குங்க."

"எடுங்க."

கவருக்குள் கை போனது.

"அண்ணன் என்னத்தைக் காட்டப்போறான் சார்?" தங்கை குறுக்கிட்டாள். "என் வீட்டுக்காரர் தலையைப் பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு அனுப்பின போட்டோவுல எவ்வளவு முடி தெரியுமா? நேர்ல பார்க்கிறதுக்குள்ள அத்தனையும் கொட்டிப்போச்சு. எல்லாம் இந்த மெஷினை யோசிச்சு யோசிச்சுத்தான்!"

அதிகாரி அந்த வழுக்கையை மரியாதையோடு பார்த்தார்.

கை வெறுமையாக வெளியே வந்தது. "ஆதாரம் இல்லைங்க."

"அப்ப கவர்ல?"

"கரண்ட் பில்."

"சரி. மதியம் உத்தரவு."

வராந்தாவில் தங்கை கணவர் மடக்கினார். "கரண்ட் பில்லை யாராவது குழந்தை மாதிரி மடியில வெச்சிருப்பாங்களா மச்சான்? கொடுங்க."

பிடுங்கிப் பிரித்தார். இரண்டு பிரிண்ட். இரண்டிலும் அவரே, அதே சட்டை, அதே அசட்டுச் சிரிப்பு. ஒன்றில் மண்டை முழுநிலவாக மின்னியது. மற்றதில் கருகருவென்று முடி. அதன் பின்புறம் ஸ்டூடியோ முத்திரை, காப்புரிமைக்கு இரண்டு வருடம் முந்தைய தேதி, பென்சிலில் ஒரு குறிப்பு: 'தலைக்கு மட்டும் பன்னிரண்டு நொடி கூடுதல் வெளிச்சம்.'

"நீங்களா மச்சான்? போட்டோ நல்லா விழுந்திருக்குன்னுல்ல இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன்!"

"அவளுக்கு முடி பிடிக்கும் மாப்பிள்ளை. எனக்கு உங்களைப் பிடிச்சிருந்தது."

பின்னால் செருப்புச் சத்தம்.

"என்னங்க அது கையில?"

கவர் சட்டைக்குள் போனது.

"கரண்ட் பில்தான். லைட் எரிஞ்சது என்னமோ எனக்காக. இரு, கேஸை வாபஸ் வாங்கிட்டு வந்துடறேன்."