விசாவுக்காக எழுதின உறுதி

கனடா விசா மறுக்கப்பட்டதைச் சொன்னதும் அண்ணை போனில் துள்ளினார். அவருடைய மகளின் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"ஏனாம் மறுத்தவங்கள்?"

"ஊரிலை எனக்கெண்டு ஒண்டுமில்லையாம். அங்கை வந்தால் திரும்பிப் போகமாட்டனாம்."

அதுவும் உண்மைதான். நான் மேசனுக்குக் கல்லுச் சுமக்கிறவன். இருபது வருடமாக மனைவி பிள்ளைகளோடு உடுப்பிட்டியில் குடியிருப்பது அண்ணையின் வீட்டில். அதை விற்கப் போவதாக அவர் அடிக்கடி சொல்லுவார். விற்றால் எங்களுக்குப் போக இடமில்லை.

"பலமாக் காட்டவேணும் குகன். விசா கிடைக்கும் வரைக்கும் வீட்டை உன்ரை பேருக்கு எழுதிவிடுறன்" என்றார்.

சொன்னபடியே எழுதியும் தந்தார். அந்த உறுதிப் பத்திரத்தை வைத்து மறுபடியும் விண்ணப்பித்தேன். இரண்டு மாதத்தில் விசா கிடைத்துவிட்டது.

அண்ணை உடனே போன் எடுத்தார்.

"வெளிக்கிட முதல் நொத்தாரிசிட்டைப் போய் வீட்டைத் திருப்பி என்ரை பேருக்கு எழுதிப்போடு. வாங்கிறதுக்கு ஆளும் வந்திட்டுது."

"அது சரிவராது அண்ணை. ஊரிலை எனக்கு வீடு இருக்கு, கட்டாயம் திரும்பி வருவன் எண்டு கையெழுத்து வைச்சனானெல்லே. அது பொய்யாப் போயிடும்."

"விசா குத்தியாச்சு. இனி ஆர் பாக்கப்போறாங்கள்?"

"எனக்குப் பயமாக் கிடக்கு. நான் வரேல்லை. கலியாணத்தை வீடியோவிலை பாக்கிறன்."

"எட, அப்ப என்ரை வீடு?"

"எப்ப வேணுமெண்டாலும் வந்து தங்குங்கோ அண்ணை. அழைப்புக் கடிதம் நான் எழுதி அனுப்பிறன்."