உள்ளங்கைச் சீனி

கொரோனாவென்று முதியோர் இல்லத்தில் யாரையும் உள்ளே விடவில்லை. அன்றிலிருந்து அங்கிருந்த சின்னராசா தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லையாம்.

“என்னயப் பார்த்தா குடிப்பாரு” என்று பிளாஸ்க்கோடு ஹட்டனில் இருந்த அந்த இல்லத்துக்கு பஸ் ஏறினாள் அவர் மனைவி பரிமளம்.

பூட்டிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டாள். உள்ளே நர்ஸ் அவருக்கும் சீனியில்லாமல் ஒரு கோப்பை கொடுத்து, தேயிலைத் தோட்டத்து வழக்கப்படி நக்கிக்கொண்டே குடிக்க உள்ளங்கையில் சீனி போட்டாள். பரிமளம் அவசரத்தில் சீனி எடுத்துவர மறந்திருந்தாள். வெறுங்கையை விரித்துக் காட்டிச் சிரித்தாள்.

சின்னராசா சீனிக் கையைக் கண்ணாடியில் அழுத்தினார். அவளும் இந்தப் பக்கம் கை வைத்தாள். எடுத்தபோது அவள் உள்ளங்கையில் சீனி ஒட்டியிருந்தது. நக்கிக்கொண்டு ஒரு மிடறு குடித்தாள். உள்ளே அவரும் குடித்தார்.

“பத்தலங்க. இன்னுங் கொஞ்சம் போடுங்க” என்று மறுபடியும் கண்ணாடியில் கை வைத்தாள்.