ஒப்புகை அட்டை

மகன் வெளிநாட்டில் இறந்த பிறகும், என் மனைவி மாதம் தவறாமல் அவன் முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினாள். பெறுபவர் இல்லையென்றால் அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும் என்பது நாடுகளுக்கிடையே உள்ள தபால் ஒப்பந்தம். ஒவ்வொன்றும் ஒழுங்காகத் திரும்பி வந்தது.

“வந்தா என்னங்க? அவன் வாசல் வரைக்கும் போயிட்டுத்தானே வருது” என்பாள்.

மூன்று மாதம் முன்பு அவளும் போய்விட்டாள். “அம்மா அங்க வந்து சேர்ந்தாளா?” என்று மட்டும் அவனுக்கு எழுதினேன்.

இந்த முறை கடிதம் திரும்பவில்லை. வாங்கியவர் கையெழுத்திடும் ஒப்புகை அட்டைதான் வந்தது.

“ஒருத்தர் போட்டாப் போதுமே சார், இதென்ன ரெண்டு கையெழுத்து?” என்றார் தபால்காரர்.

மேலே மகனுடையது. கீழே, வலப்பக்கம் சரிந்து, அவளுடையது.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ‘சாப்பிட்டீங்களா’ என்றுகூட ஒரு வரி இல்லை.