கோல் விழுந்தால் இருட்டு

“ஜெயிக்கிறப்ப மட்டும்தான் போகுது தம்பி. தோக்கறப்ப ஒரு தடவைகூடப் போனதில்ல!”

அந்தம்மா சொன்னதைக் கேட்டு மெக்கானிக்குக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டான். ஒரே மானிட்டருக்காக மூன்றாவது முறை வந்திருப்பவன் சிரிக்கக் கூடாது.

“மானிட்டருக்கு ஜெயிக்கிறது, தோக்கறதெல்லாம் தெரியாதுக்கா.”

“அது எனக்கும் தெரியும். ஆனா நடக்குதே! கோல் விழுது, உடனே திரை கறுப்பாயிடுது. கூட்டம் கத்தற சத்தம் மட்டும் வருது. இவர் இருட்டப் பாத்துட்டு உட்கார்ந்திருக்கார். எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க. இந்தக் கம்ப்யூட்டர் ஃபுட்பால் விளையாட்டு வந்தப்புறம்தான் மனுஷன் முகத்துல சிரிப்பையே பாக்கறேன். இதுவும் போச்சுன்னா பழையபடி சுவரப் பாத்துட்டு உட்கார்ந்துடுவார்.”

முதல் முறை வந்தபோது மானிட்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான். இரண்டாம் முறை கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, சூடு அளந்து பார்த்தான். கட்டிலில் உட்கார்ந்து அவனே ஆடிப் பார்த்தபோதெல்லாம் மானிட்டர் சமர்த்தாக இருந்தது. அவன் தெருமுனை திரும்புவதற்குள் போன் வந்துவிடும். கடையில் அவனுக்கு ‘கோல் டாக்டர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் உருளும் ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்தபடியே வணக்கம் சொன்னார்.

“சார், கொஞ்சம் எழுந்தீங்கன்னா மேசைய இழுத்துடுவேன்.”

“இருங்க, இருங்க!” அந்தம்மா ஓடிவந்து, நாற்காலியோடு சேர்த்து அவரை ஓரமாகத் தள்ளினார்.

மெக்கானிக்குக்கு எரிச்சலாக இருந்தது. அவனும் மூன்று தடவையாகப் பார்க்கிறான். தண்ணீர் கைக்கு வருகிறது, மூக்குக் கண்ணாடி கைக்கு வருகிறது. மூலையில் நாலு கால் அலுமினியச் சட்டத்தில் துண்டு காய்கிறது. நாலு எட்டு வைத்தால் எடுத்துக்கொள்ளலாம். அதையும் அந்தம்மாவே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆனால் எரிச்சலைவிட அவனுக்கு ஆவல்தான் பெரிதாக இருந்தது. கோல் விழுந்தது ஒரு மானிட்டருக்கு எப்படித் தெரியும்?

“இன்னிக்கு நான் ஆடல. நீங்க ஆடுங்க சார். நான் பின்னால இருந்து ஒயரப் பாக்கறேன்.”

மேசையை இழுத்துவிட்டு, மானிட்டருக்கும் சுவருக்கும் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்தான். அந்தம்மா நாற்காலியை மேசைக்கு முன்னால் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனார். மானிட்டருக்கு மேலே வீட்டுக்காரரின் நெற்றி மட்டும் தெரிந்தது.

ஆட்டம் தொடங்கியது. அவர் ஒரு கோல் வாங்கினார். திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றும் வாங்கினார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மெக்கானிக்குக்கு முட்டி மரத்துப்போனது.

“போடுடா... போடுடா... கோல்!”

மானிட்டருக்கு மேலே நெற்றி உயர்ந்தது. மூக்கு வந்தது, மீசை வந்தது, சட்டையின் இரண்டாவது பட்டன்வரை வந்தது. நாற்காலி ‘புஸ்’ என்றது. அடுத்த கணம் எல்லாம் பழையபடி கீழே போய்விட்டது.

“போச்சு! மறுபடியும் இருட்டு!”

மெக்கானிக் துள்ளி எழுந்தான். “புடிச்சுட்டேன்! அக்கா, இங்க வாங்க!”

அந்தம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

“மானிட்டர் மேல தப்பே இல்லக்கா. திருடன் இந்த நாற்காலிதான். இதுக்குக் கீழ காத்து அடைச்ச குழாய் இருக்கு. மேல இருக்கற பாரம் சட்டுனு விலகினா, கண்ணுக்குத் தெரியாம துளியூண்டு மின்சாரம் தெறிக்கும். உங்க கேபிள் நோஞ்சான், அதத் தாங்காது. எங்க கடையிலயே ஒரு தடவ இப்படி ஆகியிருக்கு. நல்ல கேபிளா மாத்திடறேன். அதுவரைக்கும் கோல் போட்டா சார் துள்ளி எழுந்திரிக்காம இருந்தாப் போதும்.”

வீட்டுக்காரர் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னீங்க?” அந்தம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

“எழுந்திரிக்க வேணாம்னேன். நான்தான் பாத்தேனே, சட்டை பட்டன் வரைக்கும் தெரிஞ்சுது...”

“தம்பி, வண்டியில இருந்து விழுந்தப்புறம், ரெண்டு பேர் புடிக்காம அவர் எழுந்ததே இல்ல. ஒன்பது மாசம் ஆச்சு. ‘கால்ல பலம் வந்தாச்சு, பயம்தான் விடல’ன்னு டாக்டர் சொன்னார். நாங்கதான் நம்பல.”

மெக்கானிக் மூலையிலிருந்த அலுமினியச் சட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். அது துணி காயப்போடுவதற்கு வாங்கியதல்ல, பிடித்துக்கொண்டு நடப்பதற்கு வாங்கியது என்பது அப்போதுதான் உறைத்தது. பையிலிருந்து புதுக் கேபிளை எடுத்தவன் அப்படியே நின்றான்.

அந்தம்மா துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தச் சட்டத்தைத் தூக்கிவந்து கணவருக்கு முன்னால் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“அந்தக் கேபிள மட்டும் மாத்திடாதீங்க தம்பி. இனிமே ஒரு நாளைக்கு எத்தன தடவ இருட்டாகுதுன்னு நான் எண்ணணும்.”