படத்துக்குப் பல்

அவள் போனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

கணவரின் முகம் திரை முழுக்க நிறைந்தது. மேலே இரண்டு சின்னக் கட்டங்கள். ஒன்றில் துபாயிலிருந்து மகன் திருமேனி. மற்றதில் சென்னைப் போட்டோக்காரன். அங்கே உட்கார்ந்தபடியே இந்தப் போனில் அவன் படம் எடுத்துவிடுவானாம். இவள் ஆடாமல் பிடித்தால் போதுமாம்.

படுத்த படுக்கையாய்க் கிடக்கிற மனுஷருக்குச் சலவைச் சட்டை மாட்டியாயிற்று. திருநீறும் பூசியாயிற்று.

எதற்கென்று மகன் சொல்லவில்லை. போட்டோக்காரன் சொன்னான், நாக்கூசாமல்.

பேனருக்கு இந்த வெளிச்சமே போதுமாம். மாலையைப் பிறகு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாமாம்.

சீ!

அவர் காதுபடவா பேசுவது என்று அவள் சீறினாள். அப்பாவுக்கு என்ன தெரியப்போகிறது என்றான் மகன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் இதே பாட்டுதான். பல்செட்டை விழுங்கிவிடுவார், கழற்றி வை என்றவனும் அவன்தான். அன்றிலிருந்து அவர் பேசுவதெல்லாம் வெறும் குழறல். புத்தி போய்விட்டது என்று அவன் முடிவு கட்டினான். இவளும் தலையாட்டினாள். நினைத்தால் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கன்னம் ஒட்டிக் கிடக்கிறது, படம் எடுபடாது என்றான் போட்டோக்காரன். பல்செட்டை மாட்டிவிடும்மா, ஒரு நிமிஷம்தானே என்றான் மகன்.

சோறு தின்னக் கொடுக்காத பல். படத்துக்கு மட்டும் வேண்டும்.

இருந்தும் அவள் பீரோவைத் திறந்தாள். பல்லை அலசி எடுத்துவந்து மாட்டினாள்.

கன்னம் எழும்பியது. பழைய மனுஷர் ஆகிவிட்டார்.

லேசாகச் சிரிக்கச் சொன்னான் போட்டோக்காரன்.

அவர் சிரிக்கவில்லை. நாக்கால் பல்லை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்து, கணீரென்று சொன்னார்.

"மாலைய இப்பவே போடச் சொல்லுப்பா. மணக்குதான்னு பாக்குறேன்."

"பேசாதீங்கய்யா," என்றான் போட்டோக்காரன். "வாய் கோணுது."

அவள் போனை மெத்தையில் கவிழ்த்தாள்.

அம்மா, அம்மா என்று மகன் அடியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அவள் கட்டிலில் அவர் பக்கமாக உட்கார்ந்தாள்.

"இத்தனை நாளா என்ன சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"