துளையில்லாத மூடி

பழைய பிக்கப் வண்டியின் டீசல் டேங்குக்குப் புது மூடி வந்தது. பழைய மூடியில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை இருந்தது. "ஓட்டை விழுந்ததெல்லாம் ஒரு மூடியா?" என்று கேட்டுவிட்டு, புது மூடி இறுக்கமாக உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து வண்டி பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்றது.

"அண்ணே, மூச்சு முட்டுது. டீசலை இழுக்கவே முடியல. கொஞ்சம் காத்து விடுங்க," என்றது பம்ப்.

"வேலை தெரியாதவன் இப்படித்தான் சாக்குச் சொல்லுவான்," என்றது மூடி.

வண்டி நிற்கும்போதெல்லாம் டிரைவர் ஞானதுரை, டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும். மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும்.

"பாத்தியா? என்கிட்ட வந்தாத்தான் வேலை நடக்குது," என்றது மூடி.

மெக்கானிக் முதலில் ஃபில்டரை மாற்றினார். அப்புறம் பம்பைக் கழற்றிப் பழைய இரும்புக் குவியலில் போட்டார்.

புது பம்ப் வந்தது. பத்தாவது கிலோமீட்டரில், "அண்ணே, மூச்சு முட்டுது," என்றது.

"இப்பல்லாம் நல்ல பம்பே வர்றதில்ல," என்றது மூடி.