காலிக்கு ஏழு நாள்

றவூப் ஏழு நாளைக்கும் திட்டம் எழுதிவிட்டார். ஆனால் அவருக்குத் தெரிந்த காலி நகரம் மூன்று நாளிலேயே முடிந்துபோனதுதான் தொல்லை.

“ஞாயிறு வெளிச்சவீடு, திங்கள் கோட்டை மதில், செவ்வாய் மணிக்கூட்டுக் கோபுரம்…” என்று கடதாசியை வாசித்துக்கொண்டு வந்தவர், புதன்கிழமையில் லேசாக இருமினார்.

“புதன்?” என்றாள் மனைவி மர்ளியா, அரிசி புடைத்தபடி.

“கோட்டை மதில்.”

“அது திங்கக்கிழமையே பாத்திட்டமே?”

“திங்கள் மேலால நடக்கிற. புதன் கீழ நிண்டு பாக்கிற. ஒல்லாந்தன் சும்மாவா கட்டி வெச்சான்?”

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். வடக்கே சண்டை. தெற்கே காலி போய்ச் சேருவதற்குள் சோதனைச் சாவடிக்குச் சாவடி பெட்டிகளை இறக்கி, அடையாள அட்டையை நீட்டி, திரும்ப ஏற்ற வேண்டும். இந்த லட்சணத்தில் ஒரு மனிதன் குடும்பத்தோடு ஒரு கிழமை மதில் பார்க்கப் போகிறான் என்றால்? முதலாளிக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று அவருடைய புத்தளம் உப்பளத்து ஆட்களே பேசிக்கொண்டார்கள்.

பேசட்டும். காரணத்தை அவர் யாருக்கும் சொல்வதாக இல்லை. முக்கியமாக மர்ளியாவுக்கு.

எல்லாம் கிணற்றடியில் தொடங்கியது. மன்னாரிலிருந்து ஊரோடு விரட்டப்பட்டு வந்த மரியம், மூன்று வருஷமாக இவர்கள் வளவுக்குப் பின்னால் கிடுகுக் கொட்டிலில் இருக்கிறாள். குடிக்க, குளிக்க இவர்கள் கிணறுதான். அவள் மகளுக்கு வண்ணாத்திவில்லில் மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. நிக்காஹ் முடிந்து ஏழு நாள் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்க வேண்டும். மாப்பிள்ளையின் தாய் வந்து கொட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கல்லூடு ஒண்டு பாருங்க. இல்லாட்டி நாங்க வேற இடம் பாக்கிறம்” என்று சொல்லிப் போய்விட்டாள்.

மரியம் வாளியை வைத்துவிட்டு மர்ளியாவிடம் கேட்டாள். “ராத்தா, முன்னறையை ஒரு ஏழு நாளைக்குத் தருவீங்களா?”

“நாங்க இருக்கிற ஊட்டுல அது சரிவராது” என்று சொல்லிவிட்டு மர்ளியா கயிற்றை இழுத்தாள்.

விறாந்தையில் சாய்கதிரையில் கிடந்த றவூபுக்கு வெட்கமாகிவிட்டது. ஐந்து அறை வீடு. ஐந்து நேரத் தொழுகையும் தவறாதவள். ஒரு குமர்ப்பெண் கரை சேர ஓர் அறை கொடுக்க மனம் இல்லையே. மூன்று நாள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

நாலாம் நாள் சோறு போடும்போது அவளே சொன்னாள். “காலிக் கோட்டையை ஒருக்காப் பாக்கணும் எண்டு ஆசையா இருக்கு.”

றவூபின் மூளை அன்றைக்குத்தான் முழுதாக வேலை செய்தது. “போறதெண்டா ஒரு கிழமை போவம்” என்றார். கோட்டைக்குள் வீடு வைத்திருந்த கூட்டாளி ஸலாஹுதீனுக்குக் கடிதம் எழுதினார். கல்யாணத் திகதியை நைசாக விசாரித்து, பயணத்தை அதற்கு முதல்நாள் வைத்தார். புத்தளம் டவுனுக்குப் போய் வீட்டுப் பூட்டுக்கு இன்னொரு திறப்பும் வெட்டுவித்தார். தன் கெட்டித்தனத்தை நினைத்துத் தனியே சிரித்துக்கொண்டார்.

மர்ளியாவோ வீட்டுக்கு வெள்ளை அடிப்பித்தாள். முன்னறைக்குப் புது மெத்தை வாங்கினாள்.

“பூட்டிப்போட்டுப் போற ஊட்டுக்கு எவன் வெள்ளை அடிப்பான்?”

“ஊடு ஊடு மாதிரி இருக்கோணும்.”

தன் சுகம் என்றால் மட்டும் இவளுக்குக் கை தாராளம் என்று றவூப் மனதுக்குள் தீர்ப்பெழுதினார்.

சனிக்கிழமை காலை வாடகைக்குப் பேசிய ஜபாரின் வேன் வாசலில் நின்றது. மர்ளியா ஏறி உட்கார்ந்ததும், “கிணத்தடியைப் பாத்திட்டு வாறன்” என்று றவூப் பின்பக்கமாக நழுவினார். கொட்டில் வாசலில் மரியத்தின் கையில் திறப்பை வைத்தார்.

“ஏழு நாளும் உங்கட ஊடுதான். மர்ளியாக்கு மட்டும் தெரிய வேணாம். அவவுக்கு மனசு கொஞ்சம் சின்னது.”

மரியம் திறப்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதே மாதிரி இன்னொரு திறப்பு.

“ராத்தா போன வெள்ளிக்கிழமையே தந்திட்டா, நானா. நீங்க ரெண்டு பேரும் உள்ளுக்கு இருந்தா அது இரவல் ஊடாம். மாப்பிள ஊட்டார் காலம் முழுக்கச் சொல்லிக்காட்டுவாங்களாம். நீங்க இல்லாட்டித்தான் அது புள்ளட ஊடாம்.”

றவூப் தன் திறப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “எனக்கு ஏன் சொல்லல்ல?”

மரியம் தயங்கினாள். “உங்களுக்கு மனசு பெரிசாம், நானா. வாய் அதைவிடப் பெரிசாம்.”

அவர் வந்து வேனில் ஏறினார். மர்ளியாவின் மடியில் அவருடைய திட்டக் கடதாசி விரிந்திருந்தது. கையில் பென்சில். கடைசி வரிக்குக் கீழே புதிதாக ஒன்று எழுதியிருந்தாள்:

‘ஞாயிறு: கோட்டை மதில், மூன்றாம் தரம்.’

“எட்டாம் நாள் என்னத்துக்கு?” என்றார் றவூப், மிக மெதுவாக.

“பந்தல் பிரிச்சு, ஊடு கழுவ அவங்களுக்கு ஒரு நாள் வேணாமா?”